மத்தியானச் சொட்டு

ஆணிக்காரர் வீட்டில் யாரும் அவர் முதுகுப் பக்கமாக வரக் கூடாது. வந்தால் தூரத்திலேயே கனைக்க வேண்டும், இல்லாவிட்டால் "வரேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். கதவை அறையக் கூடாது. பாத்திரத்தைத் தொப்பென்று வைக்கக் கூடாது. பின்னால் வந்து தோளைத் தொட்டவன் அன்றைக்குத் தொலைந்தான். மருமகள் கல்யாணமாகி வந்த புதிதில் இதெல்லாம் பெரிய மனுஷன் தோரணை என்றுதான் நினைத்தாள். புருஷனிடம் கேட்டதற்கு, அப்பா அப்படித்தான் என்றான். அந்த வீட்டில் பாதிக் கேள்விக்கு அதுதான் பதில்.

தோரணையும் இல்லை, மண்ணும் இல்லை. திடுக்கிட்டால் ஆணிக்காரர் விழுவார். ஊரில் மற்றவர்கள் திடுக்கிட்டால் தோள் குலுங்கும், சிரித்துவிட்டுப் போவார்கள். இவருக்கு உடம்பு முழுக்க விறைத்து, வெட்டிய மரம் மாதிரி சாய்வார். கையை ஊன்றக்கூட வராது. நினைவாவது தப்பினால் தேவலை, அதுவும் தப்பாது. எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும், சுண்டுவிரலை அசைக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் தானாக விட்டுவிடும். சின்ன வயதில் தெருப் பசங்களுக்கு இது நல்ல வேடிக்கை. பின்னால் வந்து தகரத்தைத் தட்டுவான்கள், இவர் சாய்வார், கைகொட்டிச் சிரிப்பான்கள். இதை ஒரு நோய் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. தான் ஒரு பயந்தாங்கொள்ளி, அது வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான். கோழை என்று பேர் எடுப்பதைவிட முரடன் என்று பேர் எடுக்கலாம் என்று தீர்மானித்து, அந்தப் பேரைக் குறைவில்லாமல் எடுத்தார்.

வேலையும் அப்படிப் பார்த்துத்தான் போய்ச் சேர்ந்தார். ஆணிக் கம்பெனி. கம்பியை இழுத்து, நறுக்கி, தலையைத் தட்டி, ஆணியாகத் துப்புகிற மெஷின்கள் வரிசையாக நிற்கும். உள்ளே போனவன் பேச்சு அவனுக்கே கேட்காது. மற்றவர்களுக்கு அது நரகம். இவருக்கு அங்கேதான் நிம்மதி. ஓயாமல் சத்தம் இருக்கிற இடத்தில் திடீர் சத்தம் என்று ஒன்று கிடையாதே. கரண்ட் போனால்தான் பயம். எல்லாம் அடங்கிக் கிடக்கிற நேரத்தில் எவனாவது ஒரு ஸ்பானரைக் கீழே போட்டால் போதும். அதனால் மெஷின் நின்றதும் ஆணிக்காரர் தரையில் உட்கார்ந்துவிடுவார். கேட்டால் முழங்கால் வலி என்பார். வேலையை விட்டு வரும்போது காது பாதி போயிருந்தது. அதையும் அவர் லாபக் கணக்கில்தான் எழுதிக்கொண்டார்.

இப்படி ஒரு ஆயுசு முழுக்க மூடி வைத்ததை ஒரு பச்சைக்குழந்தை வந்து திறந்தது.

பேத்தி பிறந்ததிலிருந்தே விறைப்பு. தூக்கினால் குழந்தை மாதிரிக் குழைந்து வராது, பலகை மாதிரி வரும். ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு தட்டைக் கீழே போட்டார்கள். குழந்தை முஷ்டியை இறுக்கிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி விறைத்தது. உதடு நீலமானது. நர்ஸ் ஓடிவந்தாள். வலிப்பு என்றார்கள். ஆணிக்காரர் அந்த முஷ்டியைப் பார்த்தார். அது யார் முஷ்டி என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தார். தேடி வந்த மகனிடம், "உன் பொண்டாட்டி வழியில விசாரி. அவ சித்தப்பாவுக்கு வலிப்பு உண்டு" என்றார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற மருமகள் காதில் அது விழுந்தது. அவள் எதையும் உடனே சொல்லுகிற ரகம் இல்லை.

ஆணிக்காரருக்கு இன்னொன்றும் தெரியும். மகனுக்கு முன்னால் அவருக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. அதற்கும் இதே விறைப்பு. பெண்டாட்டி அழுது அடம்பிடித்ததால் ஒரு டாக்டரிடம் போனார்கள். அவன் வலிப்பு என்று சொல்லி ஒரு பாட்டில் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தான். கொடுத்தார்கள். குழந்தை தூங்கியது. எழுந்திருக்கவில்லை. பிறகு மகன் பிறந்தான், அவனுக்கும் அதே விறைப்பு. இந்தத் தடவை ஆணிக்காரர் யாரிடமும் மூச்சு விடவில்லை, எந்த டாக்டர் வாசலையும் மிதிக்கவில்லை. மகன் பிழைத்தான். லேட்டாக நடந்தான், பட்டாசுச் சத்தம் கேட்டால் துள்ளுவான், மற்றபடி இன்றைக்குப் புத்தக பைண்டிங் வேலையில் குடும்பம் நடத்துகிறான். இதிலிருந்து ஆணிக்காரர் போட்ட கணக்கு ரொம்ப நேரானது. சொட்டு கொடுத்த பிள்ளை செத்தது, கொடுக்காத பிள்ளை பிழைத்தது. விறைப்பு யாரையும் கொல்லாது. கொல்லுவது மருந்து. பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்த பிறகு இந்தக் கணக்கைச் சரிபார்க்க ஆள் இல்லை.

கொடுத்த வலிப்பு மருந்து எதற்கும் விறைப்பு கேட்காததால் குழந்தையை வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே நரம்பு டாக்டர் ஒரு பெண். பார்ப்பதற்குக் காலேஜில் படிக்கிறவள் மாதிரி இருந்தாள். ஆணிக்காரருக்கு அப்போதே நம்பிக்கை போய்விட்டது. அவள் மெஷின் எதையும் கொண்டுவரவில்லை. விரல் நுனியால் குழந்தையின் மூக்கு நுனியை லேசாகத் தட்டினாள். தலை வெடுக்கென்று பின்னால் போனது. மறுபடி தட்டினாள், மறுபடி போனது. எத்தனை தரம் தட்டினாலும் பழகவில்லை. இது வலிப்பு இல்லை என்றாள்.

வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா, சத்தம் கேட்டால் விறைத்து விழுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். மகன் அப்பன் முகத்தைப் பார்த்தான். சின்ன வயதில் அவர் விழுவதைப் பார்த்திருக்கிறான், தலைசுற்றல் என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஆணிக்காரர் முந்திக்கொண்டார்.

"எங்க பரம்பரையிலேயே கிடையாது."

அப்பன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியே பழக்கமில்லாத மகன் வாயை மூடிக்கொண்டான். அவன் பார்த்ததையும் மூடிக்கொண்டதையும் மருமகள் பார்த்தாள்.

டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினாள். நரம்புக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாசல்கள் இருக்கின்றன. நரம்பு ரொம்பத் துள்ளும்போது, அடங்கு என்று சொல்ல கிளைசின் என்று ஒரு சரக்கு வரும். அது வந்து ஒட்டினால் வாசல் திறக்க வேண்டும். திறந்தால் உப்பில் இருக்கிற ஒரு துகள் உள்ளே போகும், நரம்பு அடங்கும். குழந்தைக்கு அந்த வாசல் சரியாகத் திறக்கவில்லை. அதனால் ஒரு சத்தம் கேட்டால் உடம்பு துள்ளுகிறது, அடக்க ஆள் இல்லை.

ஏன் திறக்கவில்லை என்று மருமகள் கேட்டாள். வாசல் என்பது மணி கோத்த மாதிரி ஒரு சங்கிலி, ஒவ்வொரு மணியும் ஒரு அமினோ அமிலம் என்றாள் டாக்டர். மணிக்கு மணி குணம் வேறு. சிலது தன்னிடம் மின்சாரம் வைத்திருக்கும். சிலது தண்ணீரோடு ஒட்டும். சிலது எண்ணெய் மாதிரி, தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். வாசல் ஓரத்தில் ஒரு இடத்தில் ஆர்ஜினின் என்று மின்சாரமுள்ள மணி இருக்க வேண்டும். இந்த நோய் வந்த பல குடும்பங்களில் அந்த இடத்தில் லூசின் என்று எண்ணெய்க் குணமுள்ள மணி வந்து உட்கார்ந்திருக்கிறது. சரக்கு வந்து ஒட்டத்தான் செய்யும். ஒட்டிய சேதி வாசலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. வாசல் லேசில் அசையாது.

"இவ்வளவும் ஒரே ஒரு மணிக்காகவா?" என்றான் மகன்.

"ஒரு மணிதான். இடம் அப்படி."

இதையெல்லாம் நீ கண்ணால் பார்த்தாயா என்று ஆணிக்காரர் கேட்டார். பார்க்க முடியாது ஐயா, ஆனால் அளந்திருக்கிறார்கள் என்றாள். அந்த வாசலைத் தவளை முட்டைக்குள் உண்டாக்கி, கிளைசினை ஊற்றி, எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று ஊசி குத்திப் பார்த்திருக்கிறார்கள். மணியை மாற்றினால் ஓட்டம் குறைகிறது.

"தவளை முட்டையில கரண்ட் அளந்துட்டு எங்க வீட்டுப் பிள்ளைக்கு மருந்து எழுதறீங்க" என்றார் ஆணிக்காரர். டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததுதான் தப்பு. அன்றிலிருந்து அவள் அவர் வாயில் தவளை டாக்டர் ஆனாள்.

டாக்டர் இரண்டு காரியம் சொன்னாள். ஒன்று, விறைத்து மூச்சு நின்றால் குழந்தையின் தலையையும் காலையும் வயிற்றுப் பக்கமாக மடக்க வேண்டும், மடக்குக் கத்தியை மூடுகிற மாதிரி. அப்போது விறைப்பு விடும். மருமகள் தலையணையை வைத்துப் பழகினாள், மகனும் பழகினான். ஆணிக்காரர் எனக்கெதற்கு என்றுவிட்டார். இரண்டாவது, சொட்டு மருந்து. திறக்காத வாசலை அது திறக்காது, ஆனால் பக்கத்தில் அதே வேலை செய்கிற வேறு வாசல்கள் உண்டு, அவற்றைக் கூடுதலாகத் திறந்துவைக்கும் என்றாள். காலை, மத்தியானம், ராத்திரி. திடீரென்று நிறுத்தக் கூடாது. பிறகு ரத்தம் கேட்டாள். குழந்தைக்கு எடுத்தார்கள், மகனும் மருமகளும் கொடுத்தார்கள். தாத்தாவும் கொடுத்தால் நல்லது என்றாள். "என் ரத்தம் எனக்கே பத்தல" என்று சொல்லிவிட்டு ஆணிக்காரர் வெளியே நடந்தார்.

பாட்டிலைப் பார்த்ததும் அவருக்குப் பழைய பாட்டில் ஞாபகம் வந்தது. நேராகத் தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். தூக்கம் வரும், அளவு தாண்டினால் மூச்சு மந்தமாகும், ஆனால் டாக்டர் எழுதின அளவில் பயமில்லை என்றார். ஆணிக்காரர் காதில் முன்பாதி மட்டும் விழுந்தது. பின்பாதியை எல்லா டாக்டருமே சொல்லுவான்கள்.

மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். லீவு முடிந்து வேலைக்குப் போயாக வேண்டும். பகலில் குழந்தைக்கு ஆணிக்காரர்தான் காவல். பக்கத்து வீட்டு டைலரம்மா இடையிடையே வந்து எட்டிப் பார்ப்பாள். மூன்று சொட்டு, மத்தியானம் பால் கொடுக்கிறதுக்கு முன்னால், என்று மருமகள் காட்டிக்கொடுத்தாள். ஆணிக்காரர் தலையை ஆட்டினார். அவள் போன பிறகு கணக்காக மூன்று சொட்டை ரப்பர் உறிஞ்சியில் எடுத்து, கை கழுவுகிற தொட்டியில் விட்டு, தண்ணீர் ஊற்றினார். பிள்ளையைக் காப்பாற்றியாயிற்று என்று நிம்மதியாகப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒவ்வொரு நாளும் இது நடந்தது. என்ன ஆயிற்று என்றால், மத்தியானத்துக்கு மேல் குழந்தைக்கு விறைப்பு அதிகமானது. மருமகள் வீட்டுக்கு வரும் நேரத்தில் செருப்புச் சத்தத்துக்கே துள்ளியது. அவள் பயந்து டாக்டரிடம் சொன்னாள். ஏன் சாயங்காலம் மட்டும் என்று டாக்டர் தலையைச் சொறிந்தாள். அளவு போதவில்லை போலிருக்கிறது என்று எல்லா வேளைக்கும் சொட்டைக் கூட்டினாள். கூட்டிய சொட்டை மருமகள் ராத்திரியும் காலையும் ஒழுங்காகக் கொடுத்தாள். மத்தியானப் பங்கு தொட்டிக்குப் போயிற்று. அதனால் காலையில் குழந்தை துவண்டு துணி மாதிரிக் கிடந்தது, சாயங்காலம் கம்பி மாதிரி விறைத்தது.

காலையில் துவண்டு கிடந்த பேத்தியை ஆணிக்காரர் பார்த்தார். பார்த்தாயா, நான் சொன்னேனே, மருந்து கொல்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். செத்துப்போன அந்தப் பிள்ளையும் இப்படித்தான் துவண்டு கிடந்தது. மத்தியானச் சொட்டை இன்னும் கவனமாகக் கொட்டினார். டாக்டர் மறுபடி கூட்டினாள். அவர் கொட்டக் கொட்ட அவள் கூட்டினாள், அவள் கூட்டக் கூட்ட அவர் கொட்டினார். நடுவில் மாட்டிக்கொண்ட உயிர் எடை ஏறாமல், சரியாகப் பால் குடிக்காமல், கண்ணைச் சொருகிக்கொண்டு கிடந்தது. மகன் இளைத்துப்போனான். மருமகள் ஒரு வேளைச் சாப்பாட்டை மறந்தாள். ஆணிக்காரர் ஒருவர்தான், தான் சரியாகச் செய்கிறோம் என்ற தெம்பில் நடமாடினார்.

மருமகளுக்கு எங்கேயோ உறுத்தியது. கிழவர் தூங்கிவிட்டு நேரம் தப்பிக் கொடுக்கிறாரா, இல்லை பயத்தில் கூடக் கொடுக்கிறாரா. ஒருநாள் கடையில் அரைநாள் அனுமதி வாங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானம் வந்தாள். செருப்பைப் படியிலேயே கழற்றினாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக, "வரேன்" என்று சொல்லாமல் தாழ்ப்பாளைத் தள்ளினாள். சத்தமில்லாமல் எட்டிப் பார்க்கத்தான் நினைத்தாள். காற்று கதவை அவள் கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் அறைந்தது.

ஆணிக்காரர் தொட்டி முன்னால் நின்று உறிஞ்சியை அழுத்திக்கொண்டிருந்தார். அறைந்த சத்தத்தில் உறிஞ்சி எங்கேயோ பறந்தது. உடம்பு இறுகியது. சாய்ந்தார். புருவம் தொட்டி விளிம்பில் பட்டது, பிறகு தரை வந்தது. தரையிலிருந்து பார்த்தால் கட்டில் மேல் குழந்தை தெரிந்தது. அதுவும் விறைத்திருந்தது. அதே முஷ்டி, அதே மடங்கின முழங்கை, அதே திறந்த கண். பெரிசு ஒன்று, சின்னது ஒன்று.

வாசலில் மருமகள் நின்றாள். அவள் இரண்டையும் பார்த்தாள். அப்புறம் அவள் கால் அவர் முகத்துக்கு மேலே தாண்டிப் போனது.

ஆணிக்காரரால் அசைய முடியவில்லை. புருவத்திலிருந்து ரத்தம் கண்ணுக்குள் வந்தது, துடைக்க முடியவில்லை. குழந்தையின் மூச்சுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த நேரத்தில்தான், அவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக, அவர் தன் நெஞ்சைக் கவனித்தார். அது ஏறவில்லை, இறங்கவில்லை. மூச்சு தனக்கும் நின்றிருந்தது. எப்போதுமே நின்றிருக்கிறது. விழுந்த அவமானத்தில் அவர் கவனித்ததே இல்லை. இவருக்குப் பெரிய உடம்பு, கொஞ்ச நேரம் தாங்கும். அந்தத் துளி உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும்? விறைப்பு யாரையும் கொல்லாது என்று போட்ட கணக்கு அவரோடு சேர்ந்து தரையில் கிடந்தது.

மருமகள் குழந்தையின் தலையையும் காலையும் சேர்த்து மடக்கினாள். பிடித்துக்கொண்டே இருந்தாள். உதடு நீலம் மாறவில்லை. இன்னும் அழுத்தி மடக்கினாள். ஒரு கேவல் வந்தது. பிறகு அழுகை, கரகரவென்று, கோபமாக.

அவருக்கும் உடம்பு விட்டது. எழுந்து உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார். அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே மருமகள் ஈரத்துணி கொண்டுவந்து அவர் புருவத்தைத் துடைத்தாள். துடைத்து முடித்ததும், எதிர்பார்க்காத நேரத்தில், ஒரு விரலால் அவர் மூக்கு நுனியைத் தட்டினாள். அவர் தலை வெடுக்கென்று போய்ச் சுவரில் இடித்தது.

"எவ்வளவு நாளா மாமா?"

"பிறந்ததிலிருந்து."

"உங்க பிள்ளைக்கு?"

"அவனுக்கும்தான். கொஞ்சமா."

"மத்தியானச் சொட்டு?"

அவர் தொட்டியைப் பார்த்தார். "ஒருநாள்கூடக் கொடுக்கல."

கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பார், அது அவருக்குப் பழக்கம். அவள் துணியைப் பிழிந்து மடித்தாள்.

"என் சித்தப்பாவுக்கு வலிப்பு வந்தது லாரியில அடிபட்ட பிறகு. அதைக்கூட நீங்க கேட்டுக்கல." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க கொட்டினதுக்குப் பதிலா நான் ராத்திரியில கூடுதலா கொடுத்தேன் மாமா. என் கையால."

செத்துப்போன பெண் குழந்தையைப் பற்றிச் சொன்னார். பெண்டாட்டி போன பிறகு அதை வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை. பாட்டில், தூக்கம், எல்லாவற்றையும் சொன்னார். மருமகள் குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே கேட்டாள். மனசு இளகியதா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பேர் வைத்தீர்களா என்று மட்டும் கேட்டாள். வைத்தோம் என்றார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நடந்ததை மருமகளே சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மகன் தரையைப் பார்த்தபடி நின்றான். அவனுக்கு அப்பன் மேல் கோபமா, அன்றைக்கு வாய் திறக்காத தன் மேல் கோபமா என்று அவனுக்கே தெரியவில்லை. டாக்டர் திட்டவில்லை. சொட்டு அளவைப் பழையபடி இறக்கி எழுதினாள். கூட்டினதுக்கு முன்னால் நானும் வீட்டில் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும் என்றாள். பிறகு ஆணிக்காரர் மூக்கைத் தட்டினாள், மகன் மூக்கைத் தட்டினாள். மகன் தலை லேசாக அசைந்தது. ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை அவர் கையை நீட்டினார்.

உங்களுக்கும் இதே மருந்து மாத்திரையாக உண்டு, போட்டால் விழமாட்டீர்கள் என்றாள் டாக்டர். ஆணிக்காரர் உடனே சரி என்று சொல்லவில்லை. வேறொன்று கேட்டார்.

"அந்தப் பிள்ளை எதுல செத்தது? விறைப்பிலயா, மருந்துலயா?"

"எனக்குத் தெரியாது ஐயா. விறைச்சு மூச்சு நின்னிருக்கலாம். அளவு தப்பின மருந்து போயிருக்கலாம். ரெண்டும் நடக்கிறதுதான். இப்போ கண்டுபிடிக்க வழி இல்ல."

தெரியும் என்று சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். தெரியாது என்றதால் மாத்திரைச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். முதலில் நான் போட்டுப் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் நம்புகிறேன் என்றார். குழந்தை ஏற்கனவே எத்தனை நாளாகக் குடிக்கிறது என்று மருமகள் சொல்ல வாயெடுத்தாள், மகன் அவள் கையை அழுத்தினான்.

மாத்திரை போட்ட முதல் நாள் ஆணிக்காரர் சாகப்போகிறவர் மாதிரி படுக்கையை உதறிப் போட்டுப் படுத்தார். தூங்கினார். எழுந்தார். நாக்கு தடித்த மாதிரி இருந்தது, நடை கொஞ்சம் தள்ளாடியது, அவ்வளவுதான். சில நாள் கழித்து மகன் சமையலறையில் ஒரு தட்டைக் கை தவறிப் போட்டான். வீடே ஆணிக்காரரைப் பார்த்தது. அவர் தோள் குலுங்கியது. நாற்காலியிலேயே இருந்தார். மகனுக்குக் கண் கலங்கியது. ஆணிக்காரருக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு மாத்திரை. துக்கினியூண்டு. இதற்காகவா காதை ஆணி மெஷினுக்குக் கொடுத்தோம், பெற்ற பிள்ளையைத் தொட்டுக் கூப்பிட விடாமல் வளர்த்தோம் என்று நினைக்க நினைக்க யார் மேலாவது பாய வேண்டும் போலிருந்தது. பாய ஆள் இல்லாமல் தட்டை எடுத்துக் கழுவி வைத்தார். பிறகு ரத்த முடிவும் வந்தது. தாத்தா, மகன், பேத்தி மூன்று பேருக்கும் அதே இடத்தில் அதே லூசின் மணி. மருமகள் வழியில் ஒன்றும் இல்லை. அவள் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு அவரிடம் நீட்டினாள். அவருக்குப் படிக்க வராது என்று அவளுக்குத் தெரியும். நீட்டினாள்.

மத்தியானச் சொட்டு டைலரம்மா கைக்குப் போய்விட்டது. ஆணிக்காரரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பாட்டிலை டைலரம்மா தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, நேரத்துக்கு எடுத்துவந்து, அவர் கண்ணெதிரே குழந்தை வாயில் விட்டுவிட்டுப் போவாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அது நியாயம்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தால் வலிக்காதா என்ன.

குழந்தை தேறியது. பால் குடித்தது, எடை ஏறியது, தலை நிற்க ஆரம்பித்தது. சத்தத்துக்குத் துள்ளும், ஆனால் உதடு நீலமாவதில்லை.

ஒருநாள் மத்தியானம் டைலரம்மா மூச்சிரைக்க வந்தாள். மகளுக்குப் பிரசவ வலி, உடனே போக வேண்டும், சொட்டு இன்னும் கொடுக்கவில்லை, உங்கள் மருமகளுக்குப் போனில் சொல்லிவிட்டேன் என்று பாட்டிலை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினாள். பாட்டிலோடு அவர் அப்படியே நின்றார். போன் அடித்தது.

"மாமா, கடையில என்னை விடமாட்டேங்கறாங்க. அவரும் வர முடியாது." பேசியது மருமகள். "நீங்கதான் கொடுக்கணும்."

"சரிம்மா."

"போனை வைக்காதீங்க. பக்கத்துல வச்சுட்டு, சத்தமா எண்ணுங்க."

அவர் போனைக் குழந்தையின் தலைமாட்டில் வைத்தார். உறிஞ்சியில் மருந்து ஏறியது. இந்தக் கையால் இதற்கு முன்னால் ஒரு பிள்ளைக்குச் சொட்டு கொடுத்திருக்கிறார். அந்தப் பிள்ளை எதில் செத்தது என்று டாக்டருக்கே தெரியாது, இவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? தொட்டி பக்கத்திலேயே இருந்தது. குழந்தை அவரைப் பார்த்து வாயைத் திறந்தது, பால் என்று நினைத்து.

"ஒண்ணு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு." மூன்றாவது சொட்டு உறிஞ்சி நுனியில் தொங்கிக்கொண்டே நின்றது. போனில் மருமகள் காத்திருந்தாள். "மூணு."

குழந்தை சப்புக்கொட்டியது. முகத்தைச் சுளித்தது. பாலைக் குடித்தது. கொஞ்ச நேரம் காலை உதைத்து விளையாடியது. பிறகு கண் சொருகியது.

"தூங்குது" என்றார்.

"எழுந்திருக்கிற வரைக்கும் அப்படியே இருங்க மாமா. நானும் இருக்கேன்."

நம்பிக்கையால் சொல்கிறாளா, நம்பாததால் சொல்கிறாளா என்று அவர் கேட்கவில்லை. அவருக்கே தன் மேல் அது இல்லை. தரையில் மண்டியிட்டு, ஆள்காட்டி விரலைக் குழந்தையின் மூக்குக்குக் கீழே, பட்டும் படாமலும் வைத்தார். சூடாக ஒரு மூச்சு விரலில் பட்டது. நின்றது. அடுத்தது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.